யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு முதல் இன்டர்ன்ஷிப் தேடுவது எப்படி? (கணினி விஞ்ஞானம், 2ஆம் வருடம்)

ஊரெழு_மாணவி கேட்டது:

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். இந்த செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் கொஞ்சக் காலம் இடைவெளி வருகிறது. அதற்குள் எங்கேயாவது இன்டர்ன்ஷிப் ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை.

‘சம்மர் இன்டர்ன்ஷிப்’ என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கா, கனடாவில் படிப்பவர்களுக்கான ஆலோசனை. மே முதல் ஒகஸ்ட் வரை நீண்ட விடுமுறை இருப்பவர்களுக்கு அது சரி, எங்கள் நாட்காட்டி அப்படி இல்லை. லிங்க்ட்இன்னில் கொழும்புக் கம்பனிகளின் விளம்பரங்களுக்கு விண்ணப்பித்தேன். பெரும்பாலானவை பதில் போடவில்லை. ஒரு கம்பனி மட்டும் அழைத்து, ஆறு மாதம் முழுநேரமாக வர முடியுமா என்று கேட்டது. விரிவுரைகள் இருக்கிறதே, எப்படிப் போவது? அத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

எனக்கு ஜாவா ஓரளவு வடிவாக வரும். பைதன், எஸ்.கியூ.எல். தெரியும். கிட்ஹப்பில் (நிரல்களைப் போட்டு வைக்கும் தளம்) பாடத்துக்குச் செய்த நூலக முகாமைத்துவ முறைமை, ஒரு ரூ-டூ லிஸ்ட், ஒரு கல்குலேட்டர் இருக்கின்றன. இதைவிட, அப்பாவின் பலசரக்குக் கடையில் கடன் கொப்பிக்குப் பதிலாக ஒரு சின்ன ஆன்ட்ராய்ட் ஆப் செய்து கொடுத்திருக்கிறேன். அப்பா அதைத் தினமும் பாவிக்கிறார். ஆனால் பார்க்க அழகாக இல்லை, நாலைந்து திரைகள்தான், அதனால் சீவியில் போடவில்லை.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் அறை எடுத்துத் தங்குவது இப்போதைக்கு எங்களுக்குப் பெரிய செலவு. என்னைத் தனியே அனுப்ப அம்மாவுக்குப் பயம். ஆங்கிலம் வாசிப்பேன், எழுதுவேன், கதைக்கும்போதுதான் தடுமாறுகிறேன். சிங்களம் தெரியாது. இந்த நிலையில் இருந்து தொடங்கி இடம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: யாருக்கு எழுத வேண்டும், எதைக் காட்ட வேண்டும்?

கோண்டாவில்_இறுதிவருடம்:

ஆறு மாதம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வருடத்தில் தொழிற்பயிற்சிக்கென்று ஒரு செமஸ்டரை ஒதுக்கிவிடுவார்கள். கொழும்பில் உள்ள பெரிய கம்பனிகள் அந்தக் கணக்கில்தான் ஆள் எடுக்கின்றன. இரண்டாம் வருடத்தில் அந்த வாசலில் நின்று மினக்கெட வேண்டாம். உங்களுக்கான காலம் வரும்போது துறையே பெயர் அனுப்பும்.

இப்போதைக்கு யாழ்ப்பாணத்துக்குள்ளேயே பாருங்கள். ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் மென்பொருள் கம்பனிகள் இங்கே இருக்கின்றன. வெளிநாட்டில் உள்ள எங்கட ஆட்கள் தொடங்கியவை நிறைய. அவர்கள் விளம்பரம் போடுவது குறைவு, நேரே போய்க் கேட்க வேண்டும். யாழ் ஐ.டி. ஹப் நடத்தும் நிகழ்வுகளுக்குப் போனால் இந்தக் கம்பனிக்காரர்களை ஒரே இடத்தில் காணலாம். யாழ் கீக் சலஞ்ச் போட்டிக்கு ஒரு குழுவாகப் பதியுங்கள். பரிசு வருகிறதோ இல்லையோ, உங்கள் வேலையை நாலு பேர் பார்ப்பார்கள்.

இன்னொன்று. ‘எங்களிடம் ஒன்லைனில் இன்டர்ன்ஷிப் செய்யுங்கள், சான்றிதழுக்கு மட்டும் காசு கட்டுங்கள்’ என்று லிங்க்ட்இன்னில் செய்தி வந்தால் தொடவே வேண்டாம். வேலை கொடுப்பவர் உங்களிடம் காசு கேட்கக் கூடாது.

வடமராட்சி_அண்ணா:

தங்கச்சி, உங்கள் கேள்வி முழுவதிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரே வரிதான்: ‘அப்பா அதைத் தினமும் பாவிக்கிறார்.’ அதை சீவியில் போடவில்லை என்று வாசித்தபோது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த இடம் பருத்தித்துறை. நானும் யாழ் கம்பஸில்தான் படித்தேன். இப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. இன்டர்ன் எடுக்கும் காலத்தில் வருகிற சீவிகளில் ஒரு பகுதியை நான் வாசிப்பேன், நேர்முகத்திலும் இருப்பேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன தேடுகிறார் என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

நூலக முகாமைத்துவ முறைமை அநேகமாக எல்லா சீவியிலும் இருக்கும். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் அதே பயிற்சியைக் கொடுக்கிறார்கள், மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து அந்தப் பிள்ளையைப் பற்றி என்னால் எதையும் அறிய முடியாது. அந்த முறைமையை ஒருவரும் பாவித்தது கிடையாது. பாவிக்காத ஒன்றில் என்ன பிழை வந்தது என்று கேட்கவும் வழியில்லை.

உங்கள் கடை ஆப் அப்படி இல்லை. நான் நேர்முகத்தில் இருந்தால் அரை மணித்தியாலம் அதைப் பற்றியே கேட்பேன். என்னென்ன கேட்பேன் என்று சொல்கிறேன், இப்போதே பதில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒரு தொகையைப் பிழையாகப் பதிந்துவிட்டால் எப்படித் திருத்துகிறார்? பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறதா ஆப், இல்லையென்றால் திருத்தத்தை இன்னொரு வரியாகச் சேர்க்கிறதா? கொப்பியில் எழுதிய காலத்தில் அப்பா எதையும் அழித்திருக்க மாட்டார், வெட்டிவிட்டுக் கீழே எழுதியிருப்பார். நாளைக்கு ஒருவர் வந்து ‘நான் போன கிழமையே தந்துவிட்டேனே’ என்றால் எடுத்துக் காட்ட வேண்டும். கணக்கியல் மென்பொருள்களிலும் இதே முறைதான். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அழியாத ஒரு வரி. மீதி என்பது அந்த வரிகளைக் கூட்டிக் கழித்து வருவது. மீதியை மட்டும் அட்டவணையின் ஒரு நிரலில் வைத்து மாற்றி மாற்றி எழுதினால் வழக்கு வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. உங்கள் தரவுத்தளம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மீதியை மட்டும் வைத்திருக்கும் வகை என்றால் மாற்றுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று சொல்ல முடிந்தால் அதுவே நேர்முகத்தில் சொல்வதற்கு நல்ல விஷயம்.

காசை எந்த வகை மாறியில் வைத்திருக்கிறீர்கள்? டபுள் (தசம எண்களை வைக்கும் வகை) என்றால், ஜாவாவில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டி அச்சிட்டுப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். 0.1 ஐ இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது, அதனால் வருகிற வித்தியாசம் அது. எல்லாத் தொகையையும் சதமாக்கி முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. விரிவுரையில் மிதவைப் புள்ளி எண்கள் படிக்கும்போது பரீட்சைக்கு மட்டும் என்று தோன்றும். கடைக் கணக்கில் ஒரு சதம் இடித்தால் அது என்னவென்று விளங்கும்.

பெயர்களை அப்பா தமிழில் பதிகிறாரா? அப்படியென்றால் உங்களிடம் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஆறு என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். ஜாவாவிடம் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும், பைதனும் 11 என்றே சொல்லும். யூனிகோட்டில் ‘யா’ என்பது யகரத்துக்கு ஒரு குறியீடு, காலுக்கு ஒரு குறியீடு. ‘ழ்’ என்றால் ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. திரையில் இடம் போதாது என்று பெயரைப் பத்துக் குறியீட்டோடு வெட்டினால் கடைசிப் புள்ளி கழன்று ‘யாழ்ப்பாணம’ என்று நிற்கும். எங்கே வெட்டலாம் என்று அறிய ஜாவாவில் பிரேக் இட்டரேட்டர் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் மென்பொருள் எழுதுகிறவர்கள் பல வருடம் வேலை செய்தும் இதைக் காணாமலே இருக்கலாம். உங்களுக்கு இது கடை மேசையிலேயே கிடைத்திருக்கிறது.

போன் தொலைந்தால் கணக்கு என்னவாகும்? ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்? இணையம் இல்லாத நேரத்தில் பதிவு எங்கே போகிறது? எல்லாவற்றுக்கும் முழுப் பதில் இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். ‘இதை யோசித்தேன், இன்னும் செய்யவில்லை, செய்வதென்றால் இப்படிச் செய்வேன்’ என்பது எனக்கு நல்ல பதில்.

சரி, சீவி. ஒரு பக்கம் போதும். கடை ஆப்பை மேலே போடுங்கள். யார் பாவிக்கிறார்கள், முன்பு என்ன சிரமம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்று வரி. கல்குலேட்டரை எடுத்துவிடுங்கள். கிட்ஹப்பில் ரீட்மி கோப்பு (ஆப் என்ன செய்கிறது என்ற விளக்கம்) எழுதி, ஆப்பின் திரைகளைப் பிடித்த படங்கள் இரண்டு மூன்று சேருங்கள். இதில் ஒரு விஷயம் கவனம்: உண்மையான வாடிக்கையாளர்களின் பெயரும் கடனும் அந்தப் படங்களில் வரவே கூடாது. ஊரில் யார் எவ்வளவு கடன் என்பது அப்பாவை நம்பி அவர்கள் சொன்னது. பொய்ப் பெயர்களை வைத்துத் தனி மாதிரித் தரவு ஒன்று செய்யுங்கள். அதைச் செய்திருப்பதைக் கண்டாலே உங்களை நம்பி ஒரு வேலையைத் தரலாம் என்று நினைப்பேன்.

ஆங்கிலம் பற்றி. முழு ஆங்கிலத்தையும் இந்த இடைவெளிக்குள் திருத்த முடியாது, தேவையும் இல்லை. இந்த ஆப்பைப் பற்றி பத்து நிமிடம் கதைக்கும் அளவுக்குப் பழகுங்கள். நண்பி ஒருத்தியை முன்னால் இருத்தி, நான் மேலே எழுதிய கேள்விகளை அவளை ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லுங்கள். திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். இலக்கணப் பிழைக்காக நான் ஒருவரையும் விட்டதில்லை. வாயே திறக்காமல் இருந்தவர்களை எடுக்க முடியாமல் போயிருக்கிறது. நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், பலகையைப் பார்த்தபடி மனதுக்குள்ளேயே கணக்குப் போடுவார்கள். விடை வந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று எங்கள் வகுப்புகளில் பழகிவிட்டோம். நேர்முகத்தில் விடையைவிட நீங்கள் போகும் வழிதான் எங்களுக்கு வேண்டும். யோசிப்பதை யோசிக்கும்போதே சொல்லுங்கள், பாதை பிழைத்தால் நாங்களே ஒரு குறிப்புத் தருவோம்.

கேள்விகள் அப்படிப் பெரியதாக இராது. அணி, சரம், ஹாஷ் மேப், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் எஸ்.கியூ.எல்., கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) மோதல் வந்தால் எப்படித் தீர்ப்பீர்கள் என்பது போல. மீதியை அங்கே போய்ப் படிக்கலாம்.

ஊரெழு_மாணவி:

அண்ணா, வாசித்துவிட்டு உடனே ஆப்பைத் திறந்து பார்த்தேன். காசு டபுளில்தான் இருக்கிறது! மீதியும் நீங்கள் சொன்ன, ஒரே நிரலில் மாற்றி மாற்றி எழுதும் வகைதான். இன்று இரவே மாற்றத் தொடங்குகிறேன். ஒரே பெயர்ப் பிரச்சினைக்கு அப்பா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்: ‘சந்தி ரவி’, ‘வயிரவர் கோயிலடி ரவி’ என்று இடத்தைச் சேர்த்துப் பதிகிறார்.

கொழும்புக்குப் போகாமல் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வழி ஏதாவது இருக்கிறதா? கூகிள் சம்மர் ஒஃப் கோட் பற்றிக் கேள்விப்பட்டேன். அது மொறட்டுவை மாணவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று வகுப்பில் சொல்கிறார்கள்.

கைதடி_அக்கா:

அது பிழையான கதை, தங்கச்சி. முதல் பத்து வருடங்களில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் உலக அளவிலேயே அதிகம் பேர் தேர்வானார்கள், அது உண்மை. காரணம், அங்கே மூத்த பட்ச் இளைய பட்ச்சுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்கிறது. விண்ணப்பத்தில் எந்தக் கம்பஸ் என்று பார்த்து யாரும் எடுப்பதில்லை. நான் யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்தபடிதான் செய்தேன்.

2005 முதல் கூகிள் இதை நடத்துகிறது. வேலை கூகிளுக்கு இல்லை, ஏதாவது ஒரு திறந்த மூல அமைப்புக்கு, அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள் செய்பவர்களுக்கு. அப்பாச்சி, விக்கிமீடியா, லிப்ரே ஒஃபிஸ் எல்லாம் பங்கெடுத்திருக்கின்றன. 18 வயது முடிந்திருக்க வேண்டும். 2022 முதல் மாணவர்கள் மட்டுமல்ல, திறந்த மூலத்துக்குப் புதியவர்களும் சேரலாம். வழக்கமாக பெப்ரவரியில் அமைப்புகளின் பட்டியல் வரும், மார்ச் நடுப்பகுதியில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை விண்ணப்பம், மே கடைசியில் வேலை தொடங்கும். அதிகம் மூன்று முன்மொழிவுகள் கொடுக்கலாம். வேலையின் அளவு 90, 175, 350 மணித்தியாலம் என்று இருக்கிறது. விரிவுரை ஓடிக்கொண்டிருக்கும்போது 350 எடுப்பது கடினம், 175 சரியாக இருக்கும். கொடுப்பனவு நாட்டுக்கு நாடு மாறும், எங்கள் நாட்டுக்கு உரியதே ஒரு மாணவிக்கு நல்ல தொகை.

ஆனால் பட்டியல் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. முன்னைய வருடங்களின் பட்டியலைப் பார்த்து, ஜாவா பாவிக்கும் அமைப்பு ஒன்றை இப்போதே தேர்ந்தெடுங்கள். மென்பொருளை உங்கள் கணினியில் ஓடவையுங்கள். பல நேரம் அதற்கே சில நாட்கள் போகும், மனம் தளர வேண்டாம். ஓடவைக்கும்போது ஆவணத்தில் ஏதாவது விடுபட்டிருக்கும். அதைத் திருத்தி அனுப்புவதே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கலாம். அப்புறம் புதியவர்களுக்கென்று குறியிட்ட சின்னப் பிழைகள். விண்ணப்ப நேரம் வரும்போது அங்கே உள்ளவர்களுக்கு உங்களைத் தெரிந்திருக்கும். எல்லாம் எழுத்தில்தான் நடக்கிறது, கதைக்கத் தடுமாறுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பெண்களும் தொழில்நுட்பத் துறையில் குறைவாக இருக்கும் மற்றவர்களும் விண்ணப்பிக்க அவுட்ரீச்சி என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கும் கொடுப்பனவு உண்டு. அதன் தகுதி நிபந்தனைகளில் பல்கலைக்கழக நாட்காட்டியைக் கேட்பார்கள், அந்தப் பகுதியை நன்றாக வாசித்துவிட்டு நிரப்புங்கள்.

காசு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். நான் செய்த காலத்தில் இலங்கையில் பேபால் கணக்கு வைத்திருந்தாலும் அதில் காசு பெற முடியவில்லை. சம்மர் ஒஃப் கோட் காசு பயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக வரும். அங்கே கொடுக்கும் பெயர், உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயர், வங்கிக் கணக்குப் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்று படிவத்துக்குப் படிவம் மாறும், அதில்தான் இழுபடும்.

கொழும்பைப் பற்றி அம்மாவுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம், நான்காம் வருடத்தில் எப்படியும் போக வேண்டி வரும். வெள்ளவத்தையில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் அறை கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினால் விடிய அங்கேயே இறங்கலாம். நான் அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் அறையையும் வீட்டுக்கார அம்மாவையும் காட்டினேன், அதன்பிறகு அவ பயப்படவில்லை. அலுவலக வேலை ஆங்கிலத்தில்தான் நடக்கும். சாப்பாட்டு மேசையில் சிங்களம். ஆரம்பத்தில் தனிமையாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. இப்போதிருந்தே சிங்களம் கொஞ்சம் படித்து வையுங்கள். சக வேலைக்காரர்களிடம் உடைந்த சிங்களத்தில் இரண்டு வார்த்தை கதைத்ததும் அவர்கள் எவ்வளவு அன்பாகத் திருத்தித் தந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஊரெழு_மாணவி:

அக்கா, நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘அந்தப் பிள்ளையின் நம்பர் இருக்கோ’ என்று கேட்கிறா!

கோண்டாவில்காரர் சொன்னபடி யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கம்பனிக்கு நேரே போனேன். கடை ஆப்பைக் காட்டினேன், அங்கே இருந்தவர் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். அண்ணா எழுதியவற்றில் பாதி அப்படியே வந்தது. இடைவெளிக் காலம் முழுக்க வரலாம் என்கிறார்கள். ஆனால் சம்பளம் இல்லை. போகலாமா? திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

வடமராட்சி_அண்ணா:

சந்தோஷம் தங்கச்சி, மிகவும் சந்தோஷம்.

சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் வேலையில் உங்களை இருத்தினால் உங்களுக்கும் ஏதாவது தர வேண்டும். குறைந்தது பஸ் காசும் மதியச் சாப்பாடுமாவது கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். சின்னக் கம்பனிகள் கேட்டால் கொடுப்பதுண்டு.

அதைவிட முக்கியமாக இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும். நீங்கள் எழுதும் நிரலை வாசித்துத் திருத்தம் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் அங்கே இருக்கிறாரா? பெயர் சொல்லட்டும், அவரோடு ஐந்து நிமிடம் கதைத்துப் பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால், காசு கொஞ்சமாக இருந்தாலும் போங்கள், வருடக்கணக்காகப் பயன்படும். தனியே ஒரு மூலையில் இருத்தி வேர்ட்பிரஸ் பக்கங்களுக்குப் படம் ஏற்றச் சொல்வார்கள் என்றால் வேண்டாம். அந்த நேரத்துக்கு அக்கா சொன்ன திறந்த மூல வேலையைச் செய்யுங்கள்.

மற்றது, தொடங்கும் திகதி, முடியும் திகதி, வாரத்துக்கு எத்தனை நாள் என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். செமஸ்டர் தொடங்கிய பிறகும் ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்று இழுக்காமல் இருக்கும். என்ன வேலை செய்தீர்கள் என்று கடிதம் தருவார்களா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

திங்கட்கிழமை போக முன் டபுளை மாற்றி முடித்துவிடுங்கள். அந்த மாற்றத்தை கிட்ஹப்பில் தனி கமிட்டாக (மாற்றப் பதிவாக) போடுங்கள், ஏன் மாற்றினீர்கள் என்று செய்தியில் இரண்டு வரி எழுதி. நேர்முகத்தில் கேட்ட கேள்விக்கு நீங்கள் செய்த பதிலாக அதை அவர்களிடம் காட்டலாம்.